யாரும் எதிர்க்காத கோடு

எங்கள் ஊர் டன்பெக்கில் பள்ளிகளைத் திருத்தியமைக்கப் போகிறோம் என்று ஊர் நிர்வாகத்தை நடத்தும் கவுன்சில் அறிவித்த கோடையில் நான் அதன் அலுவலகத்தில்தான் வேலை பார்த்தேன். ஆறு வாரத் தற்காலிக வேலை. கல்லூரியில் வரலாறு படிக்கிறவனுக்கு வரைபடம் வரையத் தெரியும் என்று யாரோ நினைத்துவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை.

அதுவரை எங்கள் ஊரில் மூன்று அடுக்குப் பள்ளிகள். ஒன்பது வயதுவரை ஒன்று, பதின்மூன்று வரை ஒன்று, அதற்கு மேல் ஒன்று. இனி இரண்டே அடுக்கு. நடுப்பள்ளியாக இருந்த மில் லேன் பள்ளி, பதினோரு வயதில் சேரும் பெரிய பள்ளியாக மாறும். ஆண்டுக்கு நூற்றி எண்பது இடம். யார் அந்த நூற்றி எண்பது பேர் என்பதற்கு ஊரைச் சுற்றி ஒரு கோடு போட வேண்டும். கோட்டுக்கு உள்ளே இருக்கிற பிள்ளைக்கு முதல் உரிமை. வெளியே இருக்கிற பிள்ளைக்கு, மிச்சம் இருந்தால்.

என் மேலதிகாரி பிலிப்பா கார்சைட் மூன்று வரைபடங்களோடு வந்தார். யாரிடமும் குரலை உயர்த்தாத மனுஷி. மேசையில் எப்போதும் க்ரீம் பிஸ்கட் டப்பா திறந்தே இருக்கும்.

"ஏ, பி, சி மூணும் ரெடி, டெக்லன். ஆனா மூணோட போனா, முடிவு பண்ணிட்டுத்தான் கருத்துக் கேக்க வர்றீங்கன்னு கத்துவாங்க. நாலு இருந்தா மரியாதையா இருக்கும்."

"நாலாவது எப்படி இருக்கணும்?"

"யாருக்கும் பிடிக்கக் கூடாது. அதைப் பாத்ததும் மத்த மூணும் நல்லாருக்கேன்னு தோணணும். ஒண்ணே ஒண்ணு, கண்ணா. கூட்டினா நூத்தி எண்பது வரணும். இல்லாட்டி மேல இருக்கறவங்க கேள்வி கேப்பாங்க."

கணினியில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நீலப் புள்ளி. கோட்டைப் பிடித்து இழுத்தால் மூலையில் எண் மாறும். நான் கோட்டை நான்கு மைல் தள்ளி ஃபெர்ன்ஹில் வரை இழுத்தேன். அங்கே மனிதர்களைவிடக் குதிரைகள் அதிகம், ஆனாலும் பன்னிரண்டு புள்ளிகள் உள்ளே வந்தன. எண் நூற்றித் தொண்ணூற்றிரண்டு. பன்னிரண்டைக் கழிக்க வேண்டும். யாரும் ஒப்புக்கொள்ளாத இடமாக இருக்க வேண்டும் அல்லவா? பள்ளிக்கு மிகமிக அருகில் எது என்று பார்த்தேன். லார்ச் குளோஸ். வசதி குறைந்தவர்களுக்காகக் கவுன்சில் கட்டிய வாடகை வீடுகள். பள்ளி மைதானத்துக்கும் அந்த வீடுகளின் பின்வேலிக்கும் நடுவே கோட்டை நுழைத்தேன். நூற்றி எண்பது.

லார்ச் குளோஸ் பதினான்காம் எண் வீட்டில் என் அக்கா லீயான் இருக்கிறாள். அங்கே இருந்த புள்ளி அவள் மகள் டார்சி.

மொத்தத்தில் கோடு, எதையோ விழுங்கி விக்கிக்கொண்டு நிற்கும் வாத்து மாதிரி இருந்தது. பிலிப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "பிரமாதம். இதை ஒருத்தரும் தொடமாட்டாங்க" என்று டப்பாவை என் பக்கம் தள்ளினார். நான் இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டேன்.

நவம்பரில் கருத்துக் கேட்புக் கூட்டம். மில் லேன் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில். முப்பது வருஷத்து இறைச்சிக் குழம்பு அந்தச் சுவரிலேயே ஊறியிருக்கும், அதன் மேல் எலுமிச்சை வாசனைத் திரவம் தெளித்திருந்தார்கள். நான்கு பலகைகளில் நான்கு வரைபடங்கள், என்னுடையது டி. பிடித்தால் பச்சை வட்டம் ஒட்டலாம், பிடிக்காவிட்டால் சிவப்பு. எழுத்தில் எதிர்ப்புத் தெரிவிக்க ஜனவரி வரை நேரம்.

ஊரில் வசதியான சர்ச் பேங்க் பகுதிக்காரர்கள் கோப்புகளோடு வந்திருந்தார்கள். பிரித்துக் காட்ட வண்ணத் தாள்கள் வேறு. ஏ அவர்களில் பாதிப்பேரை வெளியே தள்ளியது, சி மீதிப்பேரை. அலஸ்டர் பென்ரோஸ் என்பவர் மைக்கைப் பிடித்தார்.

"முதல்லயே சொல்லிடறேன். எங்க வீட்டு விலைக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது."

வீட்டு விலையைப் பற்றி அதுவரை யாரும் பேசவில்லை.

"எங்க கவலை பிள்ளைங்க நடந்து போற பாதை. அவ்வளவுதான்" என்றார். அவர் பிள்ளைகள் வந்திறங்கும் வண்டி ஆம்புலன்ஸ் அளவு இருக்கும். பலர் கை தட்டினார்கள். பிலிப்பா தலையை ஆட்டி ஆட்டிக் குறிப்பெடுத்தார்.

லார்ச் குளோஸிலிருந்து பதினொரு பேர் வந்திருந்தார்கள், அவர்களோடு கல்லூரியிலிருந்து வந்திருந்த நானும். அக்கா முதியோர் இல்லத்துச் சீருடையோடு நேராக வேலையிலிருந்து வந்தவள். டி பலகை முன்னால் நின்றவள் என்னைக் கையால் கூப்பிட்டாள்.

"டேய் டெக், இங்க பாரு. நம்ம வேலிக்கும் ஸ்கூலுக்கும் நடுவுல கோடு போகுது. எவன்டா இதை வரைஞ்சான், குடிச்சிட்டா?"

"நான்தான்க்கா."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துப் பலகைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அடப்பாவி! சொந்த அக்கா மகளையே வெட்டி விட்டிருக்கியே!"

"சும்மா கணக்குக்கு வெச்சதுக்கா. கேலிக்கு வரைஞ்சது. இதை யாரும் எடுக்க மாட்டாங்க. நீ பி-யைப் பாரு, அதுதான் நமக்கு ஆபத்து. நம்மளை ஸ்டேஷன் ரோடு ஸ்கூலுக்குத் தள்றாங்க."

"ரெண்டு மைல் இருக்குமேடா!"

"அதான் சொல்றேன். தெருவே சேந்து பி-யை எதிர்த்து எழுதணும். கடிதம் நான் எழுதித் தரேன். பேர் மட்டும் மாத்திக்கங்க."

பன்னிரண்டாம் எண் வீட்டு ட்ரெவர், முப்பது வருஷம் தபால்காரராக இருந்தவர், பலகையை முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். "தம்பி, எதுக்கும் டி-க்கும் ஒரு வரி எழுதிப் போட்டுடலாமே. ஸ்டாம்ப் நான் வாங்கறேன்."

"வேணாம்ணே. எல்லாத்தையும் எதிர்த்தா, இவங்க எதுக்குமே ஒத்துவராத ஆளுங்கன்னு நம்மளை ஓரங்கட்டிடுவாங்க. ஒண்ணை மட்டும் பலமா எதிர்க்கணும்."

"உள்ள வேலை பாத்தவன் சொல்றான்" என்றாள் அக்கா பெருமையாக. "கேட்டுக்கங்க."

கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கடிதத்துக்கு இரண்டு மாலைகள் செலவழித்தேன். மழையில் இரண்டு மைல் நடந்து நனைந்த காலுறையோடு கணக்குப் பாடம் கவனிக்கும் குழந்தையைப் பற்றி ஒரு பத்தி வரும். அதைப் படித்துவிட்டு ட்ரெவர் கண்ணைத் துடைத்தார்.

பிப்ரவரியில் கவுன்சில் வாக்கெடுத்து முடிவை வெளியிட்டது. "சமூகத்தின் மிகக் குறைந்த எதிர்ப்பைப் பெற்ற" டி வரைபடம் ஏற்கப்பட்டது.

நான் கல்லூரி விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து பிலிப்பாவுக்குப் போன் செய்தேன்.

"அது கேலிக்கு வரைஞ்சதுன்னு உங்களுக்குத் தெரியுமே!"

"தெரியும் கண்ணா. எனக்கே ரொம்பக் கஷ்டமாப் போச்சு. ஆனா மேல என்ன கேக்கறாங்க? எதிர்ப்பு எத்தனைன்னு கேக்கறாங்க. அப்புறம் நூத்தி எண்பது வருதான்னு கேக்கறாங்க. ரெண்டுக்கும் டி-தான் பதில் சொல்லுது."

"அது வாத்து மாதிரி இருக்கு, பிலிப்பா."

"இப்ப இல்ல. வடிவமைப்புப் பிரிவுல ஓரத்தையெல்லாம் மழுக்கிட்டாங்க. அழகா இருக்கு."

அடுத்த அக்டோபரில் அக்கா விண்ணப்பத்தில் மில் லேன் பள்ளியை முதலாவதாக எழுதினாள், ஸ்டேஷன் ரோடு பள்ளியை இரண்டாவதாக. மார்ச் முதல் தேதி எந்தப் பள்ளி என்று நாடு முழுக்க ஒரே காலையில் மின்னஞ்சல் வரும். டார்சிக்கு ஸ்கெல்மூர் பள்ளி என்று வந்தது. ஒன்பது மைல், கடலோரம். மில் லேன் இடங்களை எல்லைக்குள் இருந்தவர்களே நிரப்பிவிட்டார்கள். ஃபெர்ன்ஹில்லில் அந்த இடைவெளியில் நான்கு குடும்பங்கள் புதிதாக வீடு பிடித்திருந்தன, இயற்கைக் காட்சிக்காகவா குதிரைகளுக்காகவா, தெரியவில்லை. ஸ்டேஷன் ரோடும் அதன் எல்லைக்குள்ளேயே நிரம்பிவிட்டது.

அக்கா கத்தவில்லை. டீ போட்டாள், தனக்கு மட்டும். சமையலறை ஜன்னல் வழியாக மில் லேன் மைதானத்தில் பையன்கள் ரக்பி ஆடுவது தெரிந்தது. பயிற்சியாளர் திட்டுவதுகூடக் கேட்டது.

"எனக்கு ஏழரைக்கு ஷிஃப்ட்" என்றாள், ஜன்னலைப் பார்த்தபடியே. "இவ இங்க படிச்சா தானா கதவைப் பூட்டிட்டு எதிர்லயே நடந்து போயிடுவா. மூணரைக்கு நான் வர்றதுக்கும் இவ வர்றதுக்கும் சரியா இருக்கும். ஸ்கெல்மூர்னா இவளை ஏத்தி விட நான் இருக்கணும், காலை ஷிஃப்டையே விடணும்டா. ராத்திரி ஷிஃப்ட்தான் தருவாங்க. இவளைத் தனியா விட்டுட்டா?"

"மேல்முறையீடு பண்ணலாம்க்கா."

"நீ கடிதம் எழுதித் தருவியா?"



மேல்முறையீட்டு விசாரணை மே மாதம், ஊர்க் கால்பந்துச் சங்கத்தின் விருந்துக் கூடத்தில் நடந்தது. கவுன்சிலுக்குச் சம்பந்தமில்லாத இடமாக இருக்க வேண்டுமாம். கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி அலமாரி. காலில் ஒட்டும் கம்பளம், பழைய பீர் நாற்றம். மூன்று தன்னார்வலர்கள் மேசைக்குப் பின்னால். நடுவில் தலைவி மிஸஸ் அக்ராய்ட், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எதிரே கவுன்சில் தரப்பில் பிலிப்பா. பெற்றோர் துணைக்கு ஒருவரைக் கூட்டிவரலாம் என்பதால் அக்காவோடு நான்.

பிலிப்பா என்னைப் பார்த்து அன்பாகப் புன்னகை செய்தார். பிறகு, நூற்றி எண்பத்தொன்றாவது பிள்ளை வந்தால் படிக்கட்டில் நெரிசல் ஏற்படும் என்று பதினைந்து நிமிஷம் விளக்கினார். படிக்கட்டின் அகலத்தைச் சொன்னார். படம் காட்டினார்.

அக்கா எழுந்தாள். எழுதி வைத்திருந்ததை மறந்துவிட்டாள்.

"என் வீட்டுல இருந்து அந்த ஸ்கூல் மணி கேக்குதுங்க. இவ தினமும் அந்த மணிக்குத்தான் எழுந்திருக்கா. வேற என்னத்தச் சொல்றது?"

மூன்று பேரும் மெல்லத் தலையாட்டினார்கள். ஒருவர் எழுதிக்கொண்டார். எல்லாரும் நல்லவர்கள். அந்தக் கூடத்தில் ஒரு கெட்டவன் இருந்திருந்தால் என்னால் கொஞ்சம் மூச்சு விட முடிந்திருக்கும்.

நான் கையைத் தூக்கினேன். "அந்தக் கோட்டை வரைஞ்சது நான்தாங்க. அப்ப எனக்குப் பத்தொன்பது வயசு. யாருக்கும் பிடிக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் வரையச் சொன்னாங்க. பள்ளிக்கூடத்துக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கறவங்க யாருன்னு தேடி, அவங்களை வெளிய போட்டேன்."

பிலிப்பா பேனாவை மூடினார். மிஸஸ் அக்ராய்ட் பரிவோடு என்னைப் பார்த்தார்.

"வெளிப்படையாச் சொன்னதுக்கு நன்றி. ஆனா யார் வரைஞ்சாங்கங்கறது எங்க வேலை இல்ல. ஊரைக் கேட்டாங்களா, இல்லையா? அதுதான் நாங்க பாக்கணும். கேட்டிருக்காங்க. நாப்பத்தொண்ணாம் பக்கத்துல இருக்கு."

எல்லாரும் கையிலிருந்த விசாரணைக் கோப்பில் நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் புரட்டினோம். ஒரு சின்ன அட்டவணை. வந்த எதிர்ப்புகள். ஏ: இருநூற்றுப் பன்னிரண்டு. பி: ஐம்பத்தெட்டு. சி: நூற்றி அறுபத்து நான்கு. டி: மூன்று. அந்த மூன்றில் ஒன்று, வரைபடத்தில் தேவாலயத்தின் பெயரைத் தவறாக எழுதியிருப்பதைப் பற்றியது.

"உங்க தெருவுல இருந்து டி-யை எதிர்த்து யாராவது எழுதினீங்களா?" என்று கேட்டார் மிஸஸ் அக்ராய்ட்.

அக்காவின் விரல் அட்டவணையில் பி என்ற எழுத்தின் மேல் நின்றது.

"இந்த அம்பத்தெட்டு" என்றாள் மெதுவாக, அவர்களிடம் அல்ல, என்னிடம். "இது நம்மதானேடா? அந்தக் காலுறை லெட்டர்."

"ஆமா."

"நாம வாயை மூடிட்டு இருந்திருந்தா பி-க்கு எத்தனை?"

கணக்குப் பெரிதில்லை. பி-யை எங்கள் தெருவைத் தவிர யாரும் எதிர்க்கவில்லை.

"சைபர்க்கா."

"ரெண்டு மைல். பஸ் இருக்கு. என் ஷிஃப்ட் போயிருக்காது." பக்கத்தை மூடினாள். "ட்ரெவர் ஸ்டாம்ப் வாங்கறேன்னார்டா."

குழுவில் இடது பக்கம் இருந்தவர் எங்களிடம் தண்ணீர்க் குடுவையைத் தள்ளினார். பிஸ்கட் தட்டையும் தள்ளினார். அதே க்ரீம் பிஸ்கட்.

வெளியே நடைபாதையில் பிலிப்பா என் தோளைத் தொட்டார். அக்கா முன்னால் போய்விட்டிருந்தாள்.

"ரொம்ப தைரியமாப் பேசினே, டெக்லன். நிஜமாவே சொல்றேன். இந்தக் கோடைல ஃப்ரீயா இருக்கியா? தொடக்கப் பள்ளிங்க எல்லையும் மாத்தணும். உனக்குக் கை நல்லா வருது."

அங்கேயே வாந்தி எடுத்தேன் என்று எழுத ஆசை. எடுக்கவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். இந்தக் கதையில் எனக்கு மிக அருவருப்பான வாக்கியம் அதுதான். அது என்னுடையது. ஒரு வாரம் கழித்து, முடியாது என்று மின்னஞ்சல் அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது: "முழுதும் புரிகிறது. உன் நண்பர்கள் யாராவது இருந்தால் சொல்."

தீர்ப்புக் கடிதம் இரண்டு பக்கம். மேல்முறையீடு தள்ளுபடி. இரண்டாம் பக்கத்தில் என் நேர்மையைக் குழு பாராட்டியிருந்தது. அக்கா அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து, காந்தம் வைத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். இன்றும் இருக்கிறது. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் நான் நேர்மையானவன் என்று படிக்க வேண்டியிருக்கிறது.

இடம் கிடைக்கும் பள்ளி மூன்று மைலுக்கு மேல் என்றால் கவுன்சில் இலவசமாக வண்டி ஏற்பாடு செய்தே ஆக வேண்டும். அது சட்டம். ஆகவே லார்ச் குளோஸின் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு வேன்கள். அந்தத் தெருவிலிருந்து நடந்தால் முந்நூறு அடி தூரத்தில் இருக்கும் பள்ளியில் ஃபெர்ன்ஹில் பிள்ளைகளைச் சேர்த்தார்கள் அல்லவா, அவர்களுக்கும் மூன்று மைலுக்கு மேல். ஆகவே அவர்களுக்கும் இரண்டு வேன்கள். காலையில் நான்கு வேன்களும் சர்ச் பேங்க் முனையில் ஒன்றை ஒன்று கடக்கின்றன. ஓட்டுநர்கள் கையசைத்துக்கொள்கிறார்கள்.

செப்டம்பரில் முதல் நாள் நான் ஊரில் இருந்தேன். பிள்ளையை வேனில் ஏற்றிவிட வீட்டுப் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும் என்று விதி, அதனால் அக்கா காலை ஷிஃப்டை விட்டுவிட்டு ராத்திரி ஷிஃப்டுக்கு மாறியிருந்தாள். வேலை முடிந்து வந்த அலுப்பில், மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள். டார்சி ஸ்கெல்மூர் பள்ளியின் பழுப்புச் சீருடையில். கழுத்துப்பட்டை கொஞ்சம் கோணல். ட்ரெவர் தன் வாசலிலிருந்து பார்த்தார். அவர் இப்போதெல்லாம் என்னிடம் வானிலை மட்டும்தான் பேசுவார்.

வேன் வந்தது. ஓட்டுநர் ஜாவித் கண்ணாடியை இறக்கினார்.

"தங்கச்சி, இந்தத் தெரு முட்டுச்சந்து ஆச்சே. ரெண்டு பக்கமும் கார். நான் எங்க திருப்பறது?"

"போன வருஷம் வரைக்கும் குப்பை லாரிக்காரன் ரிவர்ஸ்லயே போவான்" என்றாள் அக்கா.

"பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு ரிவர்ஸ் போகக் கூடாதுன்னு எழுதிக் குடுத்திருக்காங்களே. இருங்க, ஏதோ பேப்பர் தந்தாங்க." ஒரு தாளை எடுத்துப் படித்தார். படித்துவிட்டு இன்னொரு முறை படித்தார். "ஸ்கூலுக்குள்ள போய்த் திருப்பணுமாம்."

"எந்த ஸ்கூலு?"

அவர் கையை நீட்டி, தெரு முடியும் இடத்தில் எதிரே இருந்த மில் லேன் கேட்டைக் காட்டினார்.

கவுன்சில் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தது. வேன்கள் பாதுகாப்பாகத் திரும்புவதற்காக, மில் லேன் பள்ளிக் காவலாளி தினமும் காலை ஏழே முக்காலுக்குப் பெரிய கேட்டைத் திறந்துவைக்க வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு போயிருந்தது. நானும் அக்காவும் தெருமுனைவரை நடந்து போய்ப் பார்த்தோம். காவலாளி கேட்டைத் திறந்தார். வேன் உள்ளே போனது. கொடிமரத்தைச் சுற்றியது. பள்ளியின் முன்கதவு அருகே ஒரு கணம் நின்றது. "வரவேற்கிறோம்" என்று பலகை. ஜாவித் பின்னால் திரும்பி ஏதோ சொன்னார், பிள்ளைகள் சிரித்தார்கள். வேன் வெளியே வந்தது. காவலாளி கேட்டைப் பூட்டினார்.

எங்களைக் கடக்கும்போது டார்சி ஜன்னலைத் தள்ளித் தலையை நீட்டினாள். "மாமா! நாப்பது செகண்ட் உள்ள இருந்தேன்! எண்ணினேன்!"

"தலையை உள்ள இழுடி" என்று அக்கா கத்தினாள்.

வேன் சர்ச் பேங்க் பக்கம் திரும்பி மறைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மில் லேன் மைதானத்தில் யாரோ கோடு போடும் வண்டியைத் தள்ளிக்கொண்டு, புல்லின் மேல் வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நேரா போடறான் பாரு" என்றாள். பிறகு, தூங்க வீட்டுக்குப் போனாள்.